கோணல் வீடு 500 வருடமாக நிற்கிறது, எங்கள் தோட்டத்துப் பங்களா பலகை 5 வருடத்தில் உளுத்துப்போகிறது. ஏன்?

கூரைக்காரன் (சுங்கை சிப்புட்):

வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீடு ரிப்பேர் வேலை செய்கிறவன். கூரை ஒழுக்கு, சீலிங், கதவு, ஜன்னல், எதற்குக் கூப்பிட்டாலும் போய்விடுவேன். மரவேலை கைப்பழக்கத்தில் வந்ததுதான், யாரிடமும் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொண்டதில்லை. இங்கே ஆசாரிமார்களும் பழைய கட்டட வேலை தெரிந்தவர்களும் இருப்பதால் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் தங்கச்சியைப் பார்க்க மான்செஸ்டர் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "மச்சான், நீங்க மரத்தோட மல்லுக்கட்டுற ஆளு, இதைப் பார்க்காம ஊருக்குப் போகக்கூடாது" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். செஷயர் பக்கம், காங்கிள்டன் என்ற ஊருக்கு வெளியே, வயல்வெளிக்கு நடுவில் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்று ஒரு வீடு. சுற்றிலும் அகழி, உள்ளே போக ஒரு பாலம். பாலத்தில் நின்று நிமிர்ந்து பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், இதை யாராவது உடனே முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும் என்பதுதான். மூன்று மாடி, முழுக்க மரம், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக, மேலே போகப் போக முன்னால் தள்ளிக்கொண்டு, கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்த பெரியவர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. 1504 வாக்கில் ஆரம்பித்து 1610 வரை தலைமுறை தலைமுறையாகக் கூட்டிக் கூட்டிக் கட்டினார்களாம்.

உச்சியில் ஒரு நீள மண்டபம், 68 அடி. மழைக்காலத்தில் வெளியே போக முடியாதபோது வீட்டுக்காரர்கள் அங்கேதான் நடப்பார்களாம். அங்கே ஏறியதும் தொழில்புத்தி சும்மா இருக்குமா, போனில் இருக்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. நான்கு அடி தள்ளி வைத்தேன், எதிர்ப்பக்கம் ஓடியது. தரை கடல் மாதிரி ஏறி இறங்குகிறது, ஒரு ஜன்னல்கூட மூலைமட்டத்துக்கு இல்லை, அதிலே கண்ணாடி மட்டும் உடையாமல் இருக்கிறது. எங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு கட்டிக்கொடுத்தால் காசு தரமாட்டார்கள், அடிதான் தருவார்கள்.

சரி, இப்போது இங்கே. பக்கத்தில் ஒரு தோட்டம், முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது முழுக்கச் செம்பனை. அதில் பழைய துரை பங்களா ஒன்று இருக்கிறது. 1930களில் கட்டியது என்கிறார்கள். அதே மாதிரி வெள்ளைச் சுவரில் கறுப்புக் கட்டைகள். அதை விருந்தினர் விடுதியாக மாற்றப்போகிறார்களாம், கறுப்புக் கட்டைகளைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் யாரோ ஒரு கான்ட்ராக்டர் வந்து கட்டையெல்லாம் மாற்றி, இடுக்கில் சிமெண்ட் அடைத்து, பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். இப்போது ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினால் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. பெயிண்ட் தோல் மட்டும் முழுசாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. மேற்குப் பக்கம் மட்டும் பதினோரு கட்டை போய்விட்டது.

அவ்வளவு கோணலாக இருந்தும் அந்த வீடு எப்படி விழாமல் நிற்கிறது? நேராக நிற்கிற இந்தப் பங்களாவில் ஏன் மரம் ஐந்து வருடம்கூடத் தாங்கவில்லை? வெயிலும் மழையும்தான் காரணமா, இல்லை நாம் செய்வதிலேயே தப்பு இருக்கிறதா? மாற்றுவது என்றால் எப்படி மாற்றுவது?


உளிச்சத்தம் (ஈப்போ):

தம்பி, நல்ல கேள்வி. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் சிரித்துவிட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி வீட்டில் சுவர் என்பது சும்மா அடைப்பு. பாரம் முழுக்க மரச்சட்டத்தில். கல்லால் ஒரு குட்டி மதில் கட்டி, அதன்மேல் அடிச்சட்டம் படுக்கவைத்து, அதில் தூண் நட்டு, தூணுக்கு மேல் உத்தரம், மூலைக்கு மூலை சாய்வுக்கட்டை. வெள்ளையாகத் தெரிகிற கட்டம் எல்லாம் நம் பாட்டன் பூட்டன் ஊரில் வரிச்சு கட்டி மண் அப்பினார்களே, அதேதான். ஓக் குச்சிகளை நட்டு, அதில் ஹேசல் என்ற செடியின் கொம்பைக் கூடை முடைவது போல முடைந்து, களிமண்ணும் சாணியும் வைக்கோலும் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு. அந்த மண்ணை மொத்தமாக உதிர்த்தாலும் வீடு நிற்கும், கூண்டு மாதிரி.

அடுத்தது மரம். நாம் மரத்தை மாதக்கணக்கில் காயவைத்துத்தான் உளி வைப்போம். அவர்கள் ஓக் மரத்தை வெட்டின ஈரத்தோடு இழைத்தார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி மழுங்கிவிடும். பச்சையாக இருக்கும்போது வேலை சுலபம். ஆனால் வீடு கட்டி முடித்த பிறகுதானே அது காயும்? காயும்போது சுருங்கும், முறுக்கும், வளையும். நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை, அகலவாக்கில்தான் எல்லாம். அதனால் நீங்கள் பார்த்த கோணலில் ஒரு பங்கு கட்டின சில வருடங்களிலேயே வந்திருக்கும்.

இங்கேதான் அந்த ஆசாரிகளின் சாமர்த்தியம். ஒரு கட்டையின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி இன்னொரு கட்டையின் குழியில் சொருகுவார்கள், நமக்கும் தெரிந்ததுதான். பிறகு இரண்டையும் சேர்த்து மர ஆணி அடிக்க வேண்டும் இல்லையா, அதற்கு நாக்கில் போடுகிற ஓட்டையை நேர்க்கு நேராகப் போடமாட்டார்கள். ஒரு நூல், ஒன்றரை நூல் (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உள்பக்கம் தள்ளிப் போடுவார்கள். பார்த்தால் தப்பாகத் துளைத்த மாதிரி இருக்கும். காய்ந்த ஓக்கை ரம்பத்தால் அறுக்காமல், நார் ஓடுகிற வாக்கில் பிளந்து செய்த ஆணியை அதில் அடித்து இறக்கும்போது, ஆணி கொஞ்சம் வளைந்துகொண்டு உள்ளே போகும், போகும்போதே நாக்கை இழுத்துக் குழிக்குள் கட்டிவிடும். பிறகு சுற்றியிருக்கிற பச்சை மரம் சுருங்கச் சுருங்க அந்த ஆணியை இன்னும் கவ்விக்கொள்ளும். பசை கிடையாது, இரும்பு கிடையாது. ஓக் மரத்தில் ஒரு புளிப்புச் சத்து இருக்கிறது, இரும்பாணி அடித்தால் ஆணியையும் தின்னும், மரத்தையும் கறுப்பாக்கும்.

இப்போது உங்கள் நீள மண்டபம். அது முதல் யோசனையில் இல்லாமல் பிறகு ஏற்றியது என்கிறார்கள். அதற்கு மேலே போட்டிருப்பது நம் மாதிரி ஓடும் இல்லை, கனமான கற்பலகை. கீழே இருந்த உத்தரம் இந்தப் பாரத்தை எதிர்பார்க்கவே இல்லை, அதனால் தொய்ந்தது. செங்கல் சுவராக இருந்தால் பிளந்துகொண்டு விழுந்திருக்கும். மரச்சட்டம் என்ன செய்யும் என்றால், ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பாரத்தைப் பக்கத்துத் தூணுக்குத் தள்ளிவிடும். ஒரு கால் நொண்டினால் மற்ற மூன்று கால் தாங்கிக்கொள்ளும் மாடு மாதிரி. அதற்காக மந்திரம் ஒன்றும் இல்லை, பிற்காலத்தில் அந்த மண்டபத்தில் இரும்புக் கம்பி போட்டு இழுத்துப் பிடித்தும் இருக்கிறார்கள்.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அங்கே தூணைப் பெரும்பாலும் தலைகீழாக நிறுத்துவார்கள். வேர்ப்பக்கம் மேலே. அடிமரம் பருத்திருக்கும் இல்லையா, தூண் தலையில் மூன்று கட்டை வந்து சேருகிற இடத்துக்கு அந்தப் பருமன் வேண்டும். என் அப்பாவிடம் நான் அப்படி ஒரு தூண் நிறுத்தியிருந்தால் இழைப்புளியாலேயே அடித்திருப்பார், வீடு விளங்காது என்று.

இதற்கு நீங்கள் இங்கிலாந்து வரைக்கும் போகவே வேண்டாம். மோட்டாரை எடுத்தால் அரை மணியில் கோலகங்சார். அங்கே இஸ்தானா கெனாங்கான் என்ற பழைய அரண்மனை இருக்கிறது, 1926இல் கட்டியது, இரும்பாணி இல்லாமல். சுவர் முழுக்க மூங்கில் முடைந்த தட்டி. பழைய மலாய் வீடுகளிலும் பாசாக் என்று மர ஆப்பு அடித்துத்தான் சேர்ப்பார்கள், ஆப்பைத் தட்டிக் கழற்றி வீட்டையே வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள். செஷயர் ஆசாரியும் நம் ஊர் மலாய்த் தச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஆனால் ஒரே மேசையில் உட்காரவைத்தால் பாஷை தெரியாமலேயே தொழில் பேசிக்கொள்வார்கள்.


ஒட்டுக்கடை பெஞ்ச்:

எல்லாரும் ரொம்ப யோசிக்கிறீர்கள். அந்த வீடெல்லாம் பழைய போர்க்கப்பலை உடைத்து எடுத்த மரத்தில் கட்டியது. உப்புத் தண்ணீரில் ஊறின மரம், பூச்சி தொடாது. அதனால்தான் கட்டை வளைந்து வளைந்து இருக்கிறது, கப்பலின் வளைவு அது. வீடியோவில் பார்த்தேன். இங்கே மரக்கடைக்காரன் நேற்று வெட்டின மெராந்தியைக் கொடுத்தால் எத்தனை நாள் வரும்?


சுண்ணாம்புச்சட்டி (பினாங்கு):

பெஞ்ச் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கப்பல் கதை இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் சொல்கிறார்கள், கடலே இல்லாத ஊரில்கூடச் சொல்கிறார்கள். காங்கிள்டன் இருப்பது உள்நாட்டில். பாய்மரக் கப்பலின் அத்தனை கனமான மரத்தை அந்தக் காலத்து மண்பாதையில் மாட்டுவண்டி வைத்து இழுத்துப்போவதற்குப் பதில், பக்கத்துக் காட்டில் ஓக் வெட்டினால் ஆயிற்று. கட்டைகளில் எதுவும் சொருகாத வெறும் குழிகள் இருப்பதைப் பார்த்துத்தான் மக்கள் கப்பல் என்று முடிவுகட்டினார்கள். பெரும்பாலும் அது வேறொரு வீட்டையோ கொட்டகையையோ பிரித்து எடுத்த மரம். வளைவும் கப்பலால் இல்லை, வளைந்த மரத்தைத் தேடிப்பிடித்து வெட்டுவார்கள், சாய்வுக்கட்டைக்கு அதுதான் வலு. மெராந்தி பற்றி நீங்கள் சொன்னது மட்டும் சரி.

கூரைக்காரன் அண்ணே, நான் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளின் சுவர் வேலை செய்கிறேன், பத்து வருடமாகச் சுண்ணாம்போடுதான் குடித்தனம். உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி என் பக்கம்.

முதலில் அந்தக் கறுப்பு வெள்ளை. டியூடர் காலத்தில், அதாவது வீட்டைக் கட்டின அந்தப் 16ஆம் நூற்றாண்டில், அந்த வீடு இப்படி இருந்திருக்காது. ஓக்கை அப்படியே விட்டுவிடுவார்கள், வெயிலிலும் மழையிலும் வெள்ளி மாதிரி சாம்பல் நிறம் ஏறும். இடையில் இருக்கிற மண் கட்டத்துக்கு ஒரு காவி மஞ்சள் பூச்சு. கட்டைக்குக் கறுப்பும் சுவருக்கு வெள்ளையும் அடிக்கிற பழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் பெரிதாகப் பரவியது. அதே காலத்தில் பழைய காலத்தின்மேல் ஓர் ஏக்கம் வந்து, புது வீடுகளைச் செங்கல்லில் கட்டிவிட்டு மேலே பலகையைக் கட்டம் கட்டமாக ஒட்டுகிற மோஸ்தரும் கிளம்பியது. லண்டனைச் சுற்றி 1920, 30களில் தெருத் தெருவாக அப்படித்தான் கட்டினார்கள். லண்டன் நகருக்குள்ளே 1666 பெருந்தீக்குப் பிறகு செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள், மரவீடு போனதும் அதன்மேல் ஆசை வந்துவிட்டது போல. அந்த ஆசையைக் கப்பலில் ஏற்றி மலாயாவுக்கும் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கிற ராயல் சிலாங்கூர் கிளப் அந்த ஜாடைதான், 1970இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்த பிறகும் அதே வேஷத்தில்தான் திருப்பிக் கட்டினார்கள். கேமரன் மலை ஸ்மோக் ஹவுஸ் ஹோட்டலும் அப்படியே.

ஆகவே உங்கள் பங்களாவில் அந்தக் கட்டை எதையும் தாங்கவில்லை என்பது என் ஊகம். அது நகை, எலும்பு இல்லை. ஒரு கட்டையை முழுதாகப் பெயர்த்துப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். தூண் என்றால் ஒரு வைத்தியம், செங்கல் என்றால் வேறு வைத்தியம்.

ஏன் உளுத்தது என்பதற்குப் பதில் நீங்களே எழுதிவிட்டீர்கள், இடுக்கில் சிமெண்ட், மேலே பெயிண்ட். மரம் நாளுக்கு நாள் உப்பும், வற்றும். சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை விரிசல் விழும், மழைத்தண்ணீர் அதில் இறங்கும், பின்னால் போய் உட்காரும், வெளியே வர வழி கிடையாது, ஏனென்றால் முன்னால் பிளாஸ்டிக் பெயிண்ட் தோல். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த வாழைப்பழம் என்ன ஆகுமோ அதுதான் கட்டைக்கும் ஆகிறது. இங்கிலாந்திலும் போன நூற்றாண்டில் இதே தப்பைச் செய்தார்கள், பழைய மண்ணை இடித்துவிட்டுச் சிமெண்ட் அடைத்து, 400 வருடம் நின்ற ஓக்கைச் சில வருடங்களிலேயே உளுக்கவைத்தார்கள். இப்போது அந்தச் சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். மேல் மாடி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது என்றீர்களே, அதில் ஒரு லாபம் இதுதான், மேலிருந்து வழிகிற தண்ணீர் கீழ்ச்சுவரில் படாமல் தள்ளி விழும்.

மாற்றும்போது: மெராந்தி வேண்டாம், பணம் போனாலும் செங்ஙால் கேளுங்கள் (செங்கல் இல்லை, மரம்! போனில் ஆர்டர் கொடுத்து ஒரு தடவை லோரி நிறையச் செங்கல் வந்து இறங்கியது எனக்கு). கிடைக்காவிட்டால் பழைய வீடு உடைக்கிற இடத்தில் கேட்டுப் பாருங்கள், ஐம்பது வருடம் வைரம் பாய்ந்த கட்டை விறகு விலைக்குப் போகும். கட்டையின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டாமல் கால் அங்குலம் சிறு துண்டு வைத்துத் தள்ளி மாட்டுங்கள், காற்று போகட்டும். படுக்கைக் கட்டையின் மேல்விளிம்பை வெளிப்பக்கம் சரிவாக இழைத்துவிடுங்கள், தண்ணீர் நிற்கவே கூடாது. வெட்டுமுனைதான் தண்ணீர் குடிக்கிற வாய், அங்கே எண்ணெய் ஊற ஊறத் தடவுங்கள். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போடுங்கள். கீழ் இடுக்கில் சிலிக்கான் அடைக்காதீர்கள், வழிகிற தண்ணீருக்கு அதுதான் வாசல். பளபளக்கிற பெயிண்ட் வேண்டாம், கறுப்புதான் வேண்டும் என்று மேனேஜர் அடம்பிடித்தால் ஆளி எண்ணெயில் கலந்த பெயிண்ட் அடியுங்கள்.

ஒரு சின்ன ஆசை. அந்த வீட்டு ஆசாரிகள் கட்டைகளை முதலில் பட்டறையில் தரையில் போட்டுச் சேர்த்துப் பார்த்து, சேருகிற இரண்டு கட்டையிலும் ஒரே எண்ணை உளியால் கீறிவைத்துவிட்டு, பிரித்துக் கொண்டுபோய் மனையில் நிறுத்துவார்கள். ரோமன் எண், ஏனென்றால் நேர்க்கோடுதான் உளியால் கீறச் சுலபம். நான்குக்குப் பெரும்பாலும் நான்கு கோடுதான். லிட்டில் மோர்ட்டனில் முற்றத்துப் பக்கம் இருக்கிற ஜன்னல்களில் ரிச்சர்ட் டேல் என்ற தச்சர், வீட்டுக்காரர் வில்லியம் மோர்ட்டனின் பெயரையும் 1559 என்ற வருடத்தையும் செதுக்கிவிட்டு, கடவுள் கருணையால் இந்த ஜன்னல்களைச் செய்தவன் நான் என்று தன் பெயரையும் போட்டிருக்கிறார். நீங்கள் பார்த்தீர்களா? உங்கள் பங்களாவில் கூரைக்குள் ஏறும்போது டார்ச் அடித்துப் பாருங்கள், ஏதாவது கீறல் இருந்தால் சொல்லுங்கள்.


கிராணி மகன் (கிள்ளான்):

எல்லாரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்த மாதிரி ஒரு பங்களாவின் பின்வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். அப்பா தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். செக்ரோல் என்கிற ஆள்வரவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு துரையிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது சில நாள் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். சமையல்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருப்போம். கறுப்புக் கட்டையில் கைவைத்துச் சாய்ந்துகொண்டு நின்றேன் என்று தோட்டக்காரர் ஒருவர் அதட்டினது இன்னும் நினைவிருக்கிறது. வெயிலில் அந்தக் கட்டை கொதிக்கும், கீல் நாற்றம் அடிக்கும்.

உள்ளே கணப்பு வைத்திருந்தார்கள். கேமரன் மலையில் கணப்பு என்றால் ஒரு நியாயம். எங்கள் தோட்டத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வெட்டப் போகிறவர்களுக்கே வேர்க்கும். அதில் யாரும் ஒரு நாளும் தீ மூட்டி நான் பார்த்ததில்லை, உள்ளே செருப்பு அடுக்கிவைத்திருப்பார்கள். அதே நேரம் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு தகரக்கூரை, மழை வந்தால் பேசுகிறது கேட்காது.

அதற்காக இடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. விடுதியாக்கி ஓர் இரவுக்கு நானூறு ஐந்நூறு வெள்ளி வாங்கும்போது, இங்கிலாந்துப் பாரம்பரியம் என்று போர்டு மாட்டுவார்கள் பாருங்கள், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இங்கிலாந்துப் பாரம்பரியம் இங்கிலாந்தில் இருக்கிறது, தம்பி போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். இங்கே அதைக் கட்டினது யார் என்று ஒரு வரி இருக்குமா?


உளிச்சத்தம் (ஈப்போ):

கிராணி மகன் சொல்வது நியாயம்தான். தகரக்கூரைச் சத்தம் எனக்கும் தெரியும்.

சுண்ணாம்புச்சட்டி அம்மா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கரையான். அங்கே அந்தத் தொல்லை கிடையாது, ஓக்கைத் தின்ன ஒரு வண்டு உண்டு, மரத்துக்குள் இருந்துகொண்டு தலையால் டொக் டொக் என்று தட்டும். சாகக்கிடக்கிறவர் பக்கத்தில் ராத்திரி விழித்திருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு, சாவுக்காவல் வண்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் கரையான் தட்டாது, சொல்லாமல் கொள்ளாமல் வரும். தம்பி, கட்டை எதுவும் மண்ணைத் தொடவிடாதீர்கள். அடியில் ஒரு முழம் சுவர் வெறுமையாகத் தெரியட்டும், மண்கோடு ஏறினால் கண்ணில் படும்.


கூரைக்காரன் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாக மழை, இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

கட்டையைப் பெயர்த்தேன். செங்கல்தான். சுண்ணாம்புச்சட்டி அக்கா சொன்ன மாதிரி அத்தனையும் நகை. முக்கால் அங்குலப் பலகையை ஆணியில் அறைந்து, சுற்றிச் சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். ஆணி இருந்த இடத்தில் துருக்கறை மட்டும் இருந்தது, ஆணியைக் காணோம். பின்னால் கைவைத்தால் சுவர் இன்னும் ஈரமாக இருந்தது, மழை நின்று இரண்டு நாள் ஆகியும். அந்தப் பலகைக்குக் கீழேயே இன்னும் பழைய கட்டையின் அச்சு சுவரில் தெரிந்தது, அது இதைவிட இரண்டு மடங்கு தடிமன். அதாவது முதலில் போட்ட கட்டை எத்தனையோ வருடம் தாங்கியிருக்கிறது, ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்தவர்தான் மெல்லிசுப் பலகையை வைத்துக் கதையை முடித்திருக்கிறார்.

இங்கிலாந்து ஜன்னல் எழுத்தைப் பார்த்தேன் அக்கா, ஆனால் பழைய இங்கிலீஷ், எழுத்துக்கூட்டியே படிக்க முடியவில்லை, மாப்பிள்ளைதான் படித்துச் சொன்னார். தச்சர் பெயரைப் போட்டிருக்கிறார் என்பது நீங்கள் எழுதின பிறகுதான் மண்டையில் ஏறியது.

அப்புறம் கூரை. டார்ச் எடுத்துக்கொண்டு சீலிங்குக்கு மேலே ஏறினேன். வௌவால் எச்சம், பழைய ஆங்கிலப் பேப்பர், ஒரு டென்னிஸ் பந்து. ஆனால் கூரைச்சட்டம், அடடா. முழுக்கச் செங்ஙால், ஆறு பெரிய முக்கோணச் சட்டம், நடுக்கால் ஒவ்வொன்றும் என் தொடை பருமன், ஒரு இடத்தில்கூடக் கரையான் இல்லை. வெளியே இருக்கிற வேஷத்துக்கும் உள்ளே இருக்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லை. சாய்வுக்கட்டை நடுக்காலில் சேருகிற இடத்தில் விரலை வைத்துத் தடவினேன், நகம் நுழையவில்லை.

ஒவ்வொரு சேர்மானத்திலும் உளியால் கீறின குறி! முதல் சட்டத்தில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று. ஆகா ரோமன் எண், வெள்ளைக்காரத் தச்சர் ஒருவரைக் கப்பலில் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான்காவதுக்குப் போனால், அங்கே நான்கு கோடு இல்லை. பெருக்கல் குறி மாதிரி இரண்டு குறுக்குக்கோடு. ரோமன் கணக்கில் அது பத்து. மூன்றுக்கு அடுத்து எப்படிப் பத்து வரும்? ஐந்தாவதில் இருந்தது எந்த எண்ணிலும் சேரவில்லை, எட்டு மாதிரி ஏதோ ஒரு சுழி. போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் ஸ்க்ரூ வாங்க ஹார்ட்வேர் கடைக்குப் போனபோது சீனக் கடைக்கார அங்கிளிடம் சும்மா காட்டினேன். அவருக்கு எண்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கள் பழைய கடைக்கணக்கு எழுத்து" என்றார். அவருடைய அப்பா பேரேட்டில் இதில்தான் எழுதுவாராம். ஒரு கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று, குறுக்குக்கோடு நான்கு, சுழி ஐந்து. ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் ஒன்பது வரைக்கும் எழுதியும் காட்டினார், ஸ்க்ரூ டப்பாவோடு அதையும் எடுத்து வந்தேன்.

கிராணி மகன் அண்ணே, நீங்கள் கேட்ட ஒரு வரி மேலே இருக்கிறது, பெயர்தான் இல்லை.


சுண்ணாம்புச்சட்டி (பினாங்கு):

அண்ணே!! ஆறு சட்டத்துக் குறியையும் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள், கீறல் அப்போதுதான் எழுந்து தெரியும். பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து எடுங்கள். தயவுசெய்து கூரைக்குள் பெயிண்டோ கரையான் மருந்தோ தெளிக்க யாரையும் விடாதீர்கள்.


கூரைக்காரன் (சுங்கை சிப்புட்):

எடுத்துவிட்டேன். கூரைச்சட்டத்துக்கும் கறுப்பு அடித்துவிடச் சொல்லி வேலைப் பட்டியலில் இருந்தது, மேனேஜரை ஏணியில் ஏற்றிக் காட்டினேன், அவரும் குறியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்துவிட்டார். சம்பளத்திலும் அந்தப் பங்கைக் குறைத்துவிட்டார், அது வேறு விஷயம்.

ஈப்போ பக்கம் பழைய செங்ஙால் வைத்திருக்கிறவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள் ஐயா. ஆறுக்கு இரண்டு, பன்னிரண்டு அடி நீளத்தில் எட்டுக் கட்டை இன்னும் வேண்டும்.